வின் நம்பர் கேட்டார்கள், நம்பிவிட்டேன்: 139 டாலர் போச்சு

காரின் டயர் காற்றழுத்த சென்சாரை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள். விற்றவனிடமிருந்து கடைசி மெயில் வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது நியூ ஜெர்சி, எடிசனில். வண்டி 2013 டொயோட்டா கேம்ரி. நவம்பர் தொடக்கத்தில் ஒருநாள் காலை டாஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. குதிரை லாடத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட மாதிரி இருக்குமே, அதுதான். குளிர் 10 டிகிரி ஃபாரன்ஹீட் கூடினால் டயரில் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ இறங்கும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. நாலு டயரிலும் 35 பிடித்தேன். விளக்கு அணையவில்லை. அப்புறம்தான் கவனித்தேன், வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிடம்போல விட்டுவிட்டு மின்னி, பிறகுதான் நிலையாக எரிகிறது. அப்படி மின்னினால் குறை காற்றில் இல்லை, பெரும்பாலும் ஒவ்வொரு டயருக்குள்ளும் இருக்கிற சென்சாரில். சென்சாருக்குள் இருக்கிற பேட்டரி பத்து வருடம் வந்தாலே பெரிய விஷயம். அதை மட்டும் மாற்றவும் முடியாது, பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். ஒன்று போனால் மற்ற மூன்றுக்கும் அதே வயசுதான், பின்னாலேயே வரும்.

டீலரிடம் கேட்டால் நாலுக்கும் சேர்த்து 540 டாலர் என்றார்கள்.

"விளக்குதானே எரியுது, எரிஞ்சிட்டுப் போகட்டும். பத்து டாலருக்கு ஒரு மீட்டர் வாங்கி வாரம் ஒரு தடவை காத்தைப் பாருங்க" என்றாள் மனைவி. கேட்டிருக்கலாம். ஆனால் அந்த விளக்கைச் சும்மா வைக்கவில்லை. டயர் பிய்ந்து வண்டிகள் உருண்டு பலர் செத்த பிறகு, 2000இல் அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட சட்டத்தால் வந்தது. 2007 செப்டம்பர் முதல் இங்கே விற்கிற எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம். பின்சீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு 65 மைலில் போகிறவன் நான். சரி, நாமே மாற்றிவிடுவோம் என்று இறங்கினேன்.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெரிய ஆன்லைன் சந்தை. பெயர் வேண்டாம். அதில் வெளியார் கடை போட்டு விற்பார்களே, அப்படி ஒரு கடை. "உங்கள் வண்டிக்கு முன்கூட்டியே புரோகிராம் செய்தது. மாட்டி ஓட்டினால் போதும். டீலர் தேவையில்லை." நாலு சென்சார், கூடவே கையடக்கமாக ஒரு புரோகிராமிங் கருவி, எல்லாம் சேர்த்து 139 டாலர். விலை குறைவாக இருக்கிறதே என்று ஒரு நாள் யோசித்தேன். யோசனையை முடித்துவைத்தது அவனுடைய செய்திதான். "ஐயா, உங்கள் வண்டியின் வின் நம்பரை அனுப்புங்கள், சரிபார்த்து அதற்கேற்ப புரோகிராம் செய்து அனுப்புகிறோம்."

நான் விழுந்த இடம் இதுதான். வின் நம்பர் என்றால் ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக இருக்கிற அடையாள எண். ஏமாற்றுகிறவன் வின் நம்பர் கேட்பானா? இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறானே என்று ராத்திரி ஒன்பது மணிக் குளிரில் ஃபோன் டார்ச்சைப் பிடித்து, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் 17 எழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில்: "உறுதி செய்துவிட்டோம். நூறு சதம் பொருந்தும்."

வின் நம்பரில் சென்சார் எண்ணே கிடையாது. இது எனக்கு இப்போது தெரியும். ஒவ்வொரு சென்சாருக்கும் அதற்கென்று ஓர் அடையாள எண் உண்டு. அந்த நாலு எண்ணும் வண்டிக்குள் இருக்கிற கணினியில் பதிவாகியிருக்கும். பழைய சென்சாரின் எண்ணைப் படித்துப் புதியதில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் புது எண்ணை ஸ்டீயரிங்குக்குக் கீழே மெக்கானிக் தன் கருவியைச் செருகுகிற ஓபிடி சாக்கெட் வழியாக வண்டிக்குச் சொல்ல வேண்டும். இரண்டும் செய்யாமல் எங்கோ உட்கார்ந்துகொண்டு வின் நம்பரை வைத்து ஒரு மண்ணும் புரோகிராம் செய்ய முடியாது.

பார்சல் வந்தது. ஒவ்வொரு சென்சாரிலும் 315 மெகாஹெர்ட்ஸ் என்று ஸ்டிக்கர். சென்சார் வண்டியோடு பேசுகிற அலைவரிசை அது, என் வண்டிக்கு அதுதான் வேண்டும். இரண்டு சனிக்கிழமை மழையில் போனது. மூன்றாவது சனிக்கிழமை எதிர்வீட்டு அண்ணன் காராஜில் வேலை ஆரம்பம். அவரிடம் டயரை ரிம்மிலிருந்து நெட்டித் தள்ளும் கைக்கருவி இருக்கிறது. வால்வு ஊசியை எடுத்துக் காற்றை இறக்கி, ஒரு பக்க விளிம்பை மட்டும் கீழே அழுத்தினால் போதும், கையை விட்டு சென்சாரை எடுத்துவிடலாம். சொல்லும்போது சுலபம். முதல் டயருக்கு மட்டும் ஒன்றே முக்கால் மணி நேரம். "தம்பி, நட்டை ரொம்ப இறுக்காதே, அலுமினியம், முறிஞ்சிடும்" என்று அண்ணன் நாலு டயருக்கும் நாலு தடவை சொன்னார். சாயந்தரம் ஐந்தரைக்கு முடித்தோம். முதுகு போயிற்று.

கிளப்பினேன். மின்னியது.

அந்தக் கருவியை ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் வைத்து அமுக்கினேன். பச்சை விளக்கு எரிந்ததே தவிர வண்டியில் ஒன்றும் நடக்கவில்லை. எப்படி நடக்கும்? அது ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் சென்சாரை எழுப்பிவிடுகிற சின்னக் கருவி. ஓபிடியில் செருக அதில் ஒரு வயர்கூட இல்லை. பெட்டியைப் பிரித்த அன்றே இது என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும்.

அப்புறம் ஆரம்பித்தது மெயில் படலம். முதல் பதில்: "50 மைல் வேகத்துக்கு மேல் 40 நிமிடம் ஓட்டுங்கள், தானாகக் கற்றுக்கொள்ளும்." ஞாயிற்றுக்கிழமை டர்ன்பைக் நெடுஞ்சாலையில் எடிசனில் ஏறி 7ஏ எக்ஸிட் வரை போய்த் திரும்பினேன், சுங்கமும் கட்டி. வண்டி ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. நான்தான் கற்றுக்கொண்டேன், சக்கரத்தை பேலன்ஸ் செய்யாமல் விட்டால் 60க்கு மேல் ஸ்டீயரிங் உதறும் என்று. இரண்டாவது பதில்: "செட் பொத்தானை அழுத்துங்கள்." அந்தப் பொத்தான் இப்போதிருக்கும் காற்றழுத்தத்தை அளவுகோலாக எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். புது சென்சாரை அதற்குத் தெரியாது. மூன்றாவது: "பேட்டரியின் மைனஸ் வயரை 15 நிமிடம் கழற்றிவிடுங்கள்." கழற்றினேன். ரேடியோவில் சேமித்திருந்த ஸ்டேஷன் எல்லாம் போனதுதான் மிச்சம். ஒவ்வொரு பதிலுக்கும் நடுவில் மூன்று நாள் இடைவெளி. திருப்பி அனுப்ப 30 நாள் கெடு. கணக்குப் போட்டுத்தான் இழுத்திருக்கிறான். நாலாவது பதில் வந்தது: "டீலரிடம் கொண்டுபோய் புரோகிராம் செய்துகொள்ளுங்கள்."

டீலர் தேவையில்லை என்று சொன்னவன் அவனேதான்.

பொறுக்க முடியாமல் பக்கத்து டயர் கடைக்குப் போனேன். குஜராத்திப் பெரியவர் ஒருவர் நடத்துகிறார். அவருடைய கருவியை வால்வு பக்கம் நீட்டினார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாய், இது 433." நான் 315 என்று சாதித்தேன், ஸ்டிக்கரையே பார்த்தேன் என்றேன். ஒரு டயரை மெஷினில் போட்டு இரண்டு நிமிடத்தில் சென்சாரை வெளியே எடுத்தார். நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினார். அடியில், பிளாஸ்டிக்கிலேயே அச்சுக் குத்தியிருக்கிறது, 433. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் ஓடுகிற வண்டிகளுக்கு அந்த அலைவரிசை. இங்கேயும் சில வண்டிகளுக்கு உண்டு. என் வண்டியின் ரிசீவருக்கு அது கேட்கவே கேட்காது. எந்த டீலர் எதை ஏற்றினாலும் இந்த நாலும் பேசப்போவதில்லை. பெரியவர் காசு வாங்கவில்லை. "பார்ட்ஸ், வேலை, புரோகிராமிங், பேலன்ஸ் எல்லாம் சேர்த்து நான் 260க்குப் போட்டுத் தந்திருப்பேனே" என்று மட்டும் சொன்னார். 540க்கும் 139க்கும் நடுவில் இப்படி ஒரு கடை, என் வீட்டிலிருந்து எட்டு நிமிடத்தில் இருக்கிறது. எனக்கு இன்டர்நெட்தான் கண்ணில் பட்டது.

சுரண்டிய ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பினேன். இன்று வந்த பதில்: "டயரில் பொருத்திய பொருள் பயன்படுத்திய பொருளாகக் கருதப்படும், திரும்ப எடுக்க இயலாது. நல்லெண்ணமாக 20 சதவீதம் தருகிறோம்." 139இல் 20 சதவீதம் 27 டாலர் 80 சென்ட். பொருத்திப் பார்க்காமல் வேலை செய்யுமா என்று எப்படியடா தெரியும்? சந்தைக்காரர்களின் சாட்டில் போனால், "உங்கள் வருத்தம் புரிகிறது" என்று ஆறு தடவை. ஆறாவது தடவை புரிந்துகொண்டவர் சாட்டை மூடிவிட்டார். கெடு முடிந்து இரண்டு நாள் ஆகிறதாம்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. ஸ்டிக்கரை நம்பாதீர்கள், சுரண்டிப் பாருங்கள். டயருக்குள் போடும் முன் நாலு சென்சாரின் எண்ணையும் படம் எடுத்து வையுங்கள், முடிந்தால் ஒரு டயர் கடையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் வண்டி தானாகக் கற்றுக்கொள்ளும் வகையா, ஓபிடி வழியா என்று வண்டியின் கையேட்டைப் பாருங்கள், விற்கிறவனைக் கேட்காதீர்கள். சில வண்டிகளில் டயருக்குள் சென்சாரே இருக்காது, பிரேக்கின் ஏபிஎஸ்ஸை வைத்துக் கணக்குப் போடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பார்சல் வந்த வாரமே சோதியுங்கள், என்னைப் போல இரண்டு சனிக்கிழமை தள்ளிப்போடாதீர்கள்.

கிரெடிட் கார்டு கம்பெனியில் 139 டாலருக்கும் புகார் போட்டாயிற்று. 27.80ஐ வாங்கிக்கொண்டால் மீதி போய்விடுமோ என்று அதைத் தொடவில்லை. யாருக்காவது இப்படி நடந்து கார்டுக்காரர்கள் பணத்தைத் திருப்பித் தந்திருந்தால் கீழே சொல்லுங்கள். சனிக்கிழமை பெரியவர் கடைக்கு வரச் சொல்லியிருக்கிறார். அதுவரை மனைவி வாங்கிவந்த பத்து டாலர் மீட்டர்தான்.