பழைய வங்கிச் சுவருக்குச் சீமெந்தா, சுண்ணாம்பா?

வங்கிக் கட்டடம் ஹோட்டலாவது புதிதல்ல. பேர்லினில் 1889இல் எழுந்த டிரெஸ்ட்னர் வங்கி இன்று ஹோட்டல் டி ரோம். நகைப் பெட்டக அறை இருந்த இடத்தில் நீச்சல் தடாகம். லண்டன் மிட்லண்ட் வங்கியின் பெட்டக அறை இப்போது 'நெட்' ஹோட்டலின் மதுக்கூடம். திருகோணமலையில் கடலோரப் பழைய கட்டடம் ஒன்றை அப்படி மாற்ற இறங்குபவர் கட்டில், விளக்கைப் பற்றி யோசிக்குமுன் சுவர்ப் பூச்சைத் தீர்மானிக்க வேண்டும்.

சீமெந்து விரைவு, மலிவு, எந்த மேசனுக்கும் கைவந்த வேலை. புதிதாக எழுப்பும் குளியலறைத் தடுப்புச் சுவருக்கு அதையே பூசுங்கள். கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டிய இரண்டடிச் சுவருக்கு மட்டும் வேண்டாம்.

காரணம் உப்பு. அந்தக் காலத்துச் சுவர்களுக்கு அடியில் ஈரத்தடுப்புப் படை பெரும்பாலும் இல்லை. நிலத்து ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு ஏறும். சுண்ணாம்புப் பூச்சென்றால் அதனூடாக ஆவியாகிவிடும். சீமெந்து வழியை அடைத்தால் ஈரம் இன்னும் மேலே போகும், உப்பு பூச்சின் பின்னால் திரண்டு தள்ளும். தட்டினால் பொள்ளென்று கேட்கும். பிறகு கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு தகடு தகடாக விழும். அதன்மேல் எமல்ஷனும் அடித்தால் கேட்கவே வேண்டாம். குளிரூட்டி அறைக் காற்றை உலர்த்துவதால் ஈரம் உட்பக்கமாக இழுபடும். விருந்தினர் பார்க்கும் பக்கந்தான் கெடும்.

சுண்ணாம்புக்குப் பொறுமை வேண்டும். நீற்றியதைத் தண்ணீருக்கடியில் குறைந்தது மூன்று வாரம், முடிந்தால் மூன்று மாதம் வைக்க வேண்டும். அவசரப்பட்டால் நீறாத துணிக்கைகள் பின்னர் வீங்கி, அம்மைத் தழும்புபோல் பூச்சு தெறிக்கும். சுண்ணாம்பு ஒரு பங்கு, ஆற்று மணல் மூன்று பங்கு. கடற்கரை மணல் கூடவே கூடாது. ஒரு படை 10 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது, அடுத்ததற்கு ஒரு வாரமாவது விடவேண்டும். வறண்ட கச்சான் காற்று வீசும் நாட்களில் ஈரச்சாக்குத் தொங்கவிடாவிட்டால் மயிர்வெடிப்பு நிச்சயம். வெளிச்சுவரை செப்டெம்பருக்குள் முடியுங்கள், மாரியில் தொடாதீர்கள். பவளக்கல் சுண்ணாம்பு தேட வேண்டாம், பவளப்பாறை தோண்டுவது சட்டவிரோதம்.

பராமரிப்பில்தான் சுண்ணாம்பு வெல்கிறது. ஒன்றிரண்டு வருடத்துக்கொருமுறை மாரிக்கு முன் வெள்ளையடிப்பு, உதிர்ந்த இடத்தில் மட்டும் சுரண்டிப் பூசுதல். சீமெந்தில் ஒரு மூலை கெட்டால் சுவரையே உரிக்க வேண்டியிருக்கும்.

பெட்டக அறை வேறு கதை. காற்றோட்டமே இல்லாத அறைக்கு ஈரமகற்றும் இயந்திரமும் இரண்டாவது வெளிவாசலும் வேண்டும். அதை நீராவிக் குளியலறையாக்கினால் சுண்ணாம்பை நம்பி இறங்கத் துணிவு வராது.

ஏற்கனவே சீமெந்து பூசியிருந்தால் உளியால் கையாலேயே உரியுங்கள்; இடிக்கும் இயந்திரம் கல்லை உடைக்கும். உரித்த சுவரை ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, பூக்கும் உப்பை உலர்ந்த தும்புத்தடியால் கூட்டியெடுத்த பின்பே சுண்ணாம்பைப் பூசுங்கள்.