ஏலத்தில் காலாவதி ஃபிலிம் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

கும்பகோணத்தில் மே மாதம் பனி பெய்திருக்கிறது. நெகடிவ் என்னிடம் இருக்கிறது.

அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. என் பழைய நிக்கான் எஃப்எம்2 ஃபிலிம் கேமராவில் மூன்று ரோல் எடுத்தேன். சென்னைக்குத் திரும்பியதும் வழக்கமாகக் கழுவக் கொடுக்கும் லேபில் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நாளில் போன். “சார், ஊர்ல காதுகுத்துன்னுதானே சொன்னீங்க? இதுல கார் மேல பனி கிடக்குது. பக்கத்துல ஒரு நாய் நிக்குது.”

போய்ப் பார்த்தேன். யாரோ ஒருவர் எங்கோ ஒரு குளிர் நாட்டில் எடுத்துவிட்டு, கழுவாமல் போட்டு வைத்திருந்த ரோல். அதன் மேலேயே நானும் எடுத்திருக்கிறேன். பனியின் வெளுப்பு படத்தில் பாதியைத் தின்றுவிட்டது. அந்தக் காரின் கறுத்த கதவில் மட்டும், தாய்மாமன் மடியில் வாயைப் பிளந்து அழும் குழந்தையின் முகமும் ஆசாரியின் இரண்டு விரலும் தெரிந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் கேட்டது அது இல்லையே.

மற்ற இரண்டு ரோலில் நாயும் இல்லை, பேயும் இல்லை. மொத்தமும் ஃபாக், அதாவது புகை படிந்த மாதிரி ஒரே மங்கல்.

சரி, வாங்கின கதைக்கு வருகிறேன். புது கலர் ரோல் ஒன்றின் விலை ஆயிரத்தைத் தொட்டு நிற்கிற காலத்தில், வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் இணைய ஏலத் தளத்தில் போட்டிருந்தார்: கோடக் கோல்டு 200, பத்து ரோல், காலாவதி 2006, ‘வாங்கிய நாள் முதல் ஃப்ரீசரில் வைத்தது’. படத்தில் மஞ்சள் பெட்டிகள் ஃப்ரீசர் தட்டில் வரிசையாக இருந்தன. எதையும் ஐந்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்துப் படம் எடுக்கலாம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அனுப்புகிற செலவோடு 6,300 ரூபாய் ஆயிற்று.

வந்ததும் ஒன்றைச் சோதித்துப் பார்க்காமல் இல்லை. கலர் நெகடிவுக்குப் பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் என்று ஒரு கைக்கணக்கு உண்டு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). அதன்படி இரண்டு ஸ்டாப் கூட்டி, மீட்டரை 200-க்குப் பதில் 50-இல் வைத்து மயிலாப்பூர் தெருக்களில் ஒரு ரோல் எடுத்தேன். நிழல் பகுதியில் கொஞ்சம் குருணை, லேசான ரோஸ் நிறம், மற்றபடி பிரமாதம். அந்த ஒரு ரோலை நம்பித்தான் மற்றவற்றை ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பத்தும் ஒரே வீட்டு ஃப்ரீசரில் கிடந்தவை என்று நினைத்துக்கொண்டது என் தப்பு. எங்கெங்கோ பொறுக்கியதை ஒன்றாகக் கட்டி விற்றிருக்கிறார்.

உண்மையில், தேதி பழையது என்பது பெரிய விஷயமே இல்லை. ஃபிலிம் இத்தனை வருடமும் எங்கே கிடந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஃப்ரீசரில் இருபது வருடம் இருந்த ரோல் ஓரளவு படம் தரும். வெயிலில் நிற்கிற காரின் டேஷ்போர்டில் ஒரு கோடை கிடந்த ரோல் தராது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். 35 மில்லிமீட்டர் ரோலில் காலாவதித் தேதி அட்டைப்பெட்டியில்தான் அச்சாகியிருக்கும், உள்ளே இருக்கிற உருளையில் பார்க்க முடியாது. ஆக, பெட்டி ஒன்று சரக்கு ஒன்று என்று மாற்றி வைத்தாலும் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இப்போது யோசித்தால் துப்பு கையிலேயே இருந்திருக்கிறது. நான்கு பெட்டிகளின் மடிப்பு திறந்து மறுபடி ஒட்டியது மாதிரி பிசிறாக இருந்தது. ஒரு ரோலில் வெளியே நீட்டியிருக்கும் நாக்கில் குறுக்காக ஒரு மடிப்புத் தடம். புது ரோலின் நாக்கு வழவழவென்று வளைந்திருக்கும். கேமராவின் சுருள் தண்டில் ஒருமுறை ஏறி இறங்கியதில்தான் அப்படி மடிப்பு விழும். பார்த்தேன், பார்த்துவிட்டு லோடு செய்தேன். அதுதான் பனி பெய்த ரோல்.

ஃபாக் ஆன ரோல்களில் இன்னொரு சாட்சி இருக்கிறது. ஃபிலிமின் ஓரத்தில் பெயரையும் எண்களையும் தொழிற்சாலையிலேயே வெளிச்சத்தால் பதித்து அனுப்புவார்கள், கழுவும்போது அவை தெரியவரும். ஓரத்து எழுத்து பளிச்சென்று இருந்து படம் மட்டும் மங்கல் என்றால் தப்பு நம் பக்கம். என்னுடைய இரண்டு ரோலிலும் ஓரத்து எண்ணையே விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்துத்தான் படிக்க முடிந்தது. அப்படியென்றால் ஃபிலிமே செத்துவிட்டது.

விற்றவருக்கு எழுதினேன். உங்கள் நாட்டு சுங்க எக்ஸ்ரேதான் காரணம் என்று பதில் வந்தது. எக்ஸ்ரே ஃபிலிமைக் கெடுக்கும் என்பது உண்மைதான், அதுவும் புதிய சி.டி. ஸ்கேனர்கள் மோசம். ஆனால் பத்து ரோலும் வந்தது ஒரே பார்சலில். மயிலாப்பூர் ரோலை மட்டும் எக்ஸ்ரே பார்த்துப் பார்த்து விட்டுவைத்ததா? நாய் எந்த எக்ஸ்ரேயில் வந்தது? இதற்குப் பதில் இல்லை.

தளத்தில் புகார் கொடுக்கப் போனால், பொருள் கைக்கு வந்த 30 நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டுமாம். ஃபிலிமில் இதுதான் பெரிய வம்பு. போன் உடைந்து வந்தால் பெட்டியைப் பிரித்ததுமே தெரிந்துவிடும். ஃபிலிமை எடுத்து, முடித்து, கழுவி வந்த பிறகுதானே கோளாறு தெரியும்? அதற்குள் எனக்கு இரண்டு மாதம் ஓடிவிட்டது. போதாததற்கு விளம்பரத்தின் அடியில் ‘சோதிக்கவில்லை, உள்ளது உள்ளபடி’ என்று ஒரு வரி வேறு.

கடைசியில் நல்லெண்ணத்துக்காக என்று ஒரு ரோல் இலவசமாக அனுப்பினார். கோடாக்ரோம் 64! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. கோடாக்ரோம் தயாரிப்பை கோடக் 2009-இல் நிறுத்திவிட்டது. அதைக் கழுவுகிற கே-14 முறையைக் கடைசிவரை வைத்திருந்தது அமெரிக்காவில் கேன்சஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் ஊரில் இருக்கும் டுவெய்ன்ஸ் லேப். அவர்களும் 2010 டிசம்பர் 30-க்குப் பிறகு ரோல் வாங்கவில்லை. இன்று அதைக் கருப்பு வெள்ளையாக வேண்டுமானால் கழுவலாம், கலர் வராது. ஏலத்தில் இதற்கும் ‘அரிய ஃபிலிம்’ என்று விலை ஏற்றிவிடுகிறார்கள், ஏமாறாதீர்கள். நம் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ ரோலும் இப்படி அவ்வப்போது வருகிறது. ஆசைக்கு ஒரு பெட்டி வாங்கி அலமாரியில் வையுங்கள், கல்யாணத்துக்கு எடுத்துப்போகாதீர்கள்.

அப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், வேகம் குறைந்த (பெட்டியில் ஐ.எஸ்.ஓ. எண் சிறியதாக இருக்கும்) கருப்பு வெள்ளை ஃபிலிமாகப் பாருங்கள், அது கலரைவிட நன்றாகத் தாங்கும். ஸ்லைடு ஃபிலிமில் அந்தப் பத்து வருடக் கணக்கு செல்லாது. வாங்குமுன் அதே கட்டிலிருந்து கழுவிய ஒரு நெகடிவின் ஓரத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், மடிப்பும் நாக்கும் தெரிகிற மாதிரி. முதல் வாரத்திலேயே இரண்டு மூன்று ரோலையாவது எடுத்துக் கழுவிவிடுங்கள், ஒன்று போதாது. அப்புறம் விலை: டேஷ்போர்டில் கிடந்த சரக்கு என்று நினைத்துக்கொண்டு அதற்கு எவ்வளவு கொடுப்பீர்களோ, அதற்கு மேல் ஒரு ரூபாய் ஏற்றாதீர்கள்.

மீதி ஆறு ரோல் கிடந்தது. விற்க மனசு வரவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு கல்லூரிப் பையன் வீட்டிலேயே ஃபிலிம் கழுவக் கற்றுக்கொள்கிறான், கழுவும் டாங்கினுள் வைக்கிற ரீலில் ஃபிலிம் சுற்றுவது அவனுக்கு இன்னும் கைவரவில்லை. பட்டப்பகலில் உருவி உருவிச் சுற்றிப் பழகட்டும் என்று அவனிடம் கொடுத்துவிட்டேன்.