மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃபிங்: யாரை நம்பி வேலையைக் கொடுக்கலாம்?

ஆவணி பிறந்தால் போதும், சென்னையில் வீட்டு கேட்டில் நோட்டீஸ் செருகியிருக்கும்: "மாடி ஒழுகலா? 10 வருட வாரண்டி." வீட்டு வேலைகளிலேயே ஏமாற்றுவதற்கு மிக வசதியானது இதுதான். கதவு கோணலாக இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். வெள்ளைப் பூச்சுக்கு அடியில் என்ன செய்தார்கள், என்ன செய்யவில்லை என்பது ஐப்பசி மழையில்தான் தெரியும். அதற்குள் முழுப் பணமும் கைமாறியிருக்கும். இந்த வேலைக்கு வருகிறவர்கள் மூன்று வகை.

முதல் வகை, வாசலில் வந்து நிற்பவர்கள். "பக்கத்துத் தெருவுல வேலை ஓடுது சார், கெமிக்கல் மீதி இருக்கு, இன்னைக்கே சொன்னா பாதி ரேட்டு." இவர்களுக்கு 5க்கு 0. மீதி இருப்பது உண்மையாகவே இருந்தாலும் அது சீல் உடைத்த பக்கெட். உள்ளே எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. கெமிக்கல் என்ன, எந்தக் கம்பெனி என்று கேட்டால் பதில் வராது.

ரேட் சரியா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். அக்ரிலிக் பூச்சு காய்ந்த பிறகு அரை மில்லிமீட்டர் கனமாவது நிற்க வேண்டும். பூசியதில் ஏறக்குறைய பாதி ஆவியாகப் போய்விடும் என்று வைத்துக்கொண்டால், சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் ஆகும். 1000 சதுர அடி மாடி 93 சதுர மீட்டர். ஆக 93 லிட்டர். கைப்பிடிச் சுவரில் ஓரடி உயரம் ஏற்றிப் பூச இன்னும் 12 லிட்டர் போல வேண்டும். 20 லிட்டர் பக்கெட் ஐந்துக்கு மேல் வருகிறது. இரண்டு பக்கெட்டோடு வருகிறவர் மீதியைக் குழாயடியில் பிடிக்கப் போகிறார். கடையில் பக்கெட் விலையை விசாரித்து ஐந்தால் பெருக்குங்கள். கூலியோடு சேர்த்துச் சொன்ன ரேட் அதற்கும் கீழே இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வகை, ஏரியா மேஸ்திரி. 5க்கு 3. பழைய தட்டோட்டு மாடிக்கு இவர் கை தேவைப்படும். நல்ல மேஸ்திரி வந்தவுடன் செய்வது, ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது. டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் வருகிற ஓட்டை மட்டும் எடுத்தால் போதும். தட்டியே பார்க்காமல் "எல்லாத்தையும் உடைச்சாதான் சார் சரியா வரும்" என்பவர் வேலையைப் பெருக்கப் பார்க்கிறார். 1000 சதுர அடியில் ஓடும் அடியிலுள்ள ஜல்லியுமாக மூன்றரை அங்குல அடுக்கை உடைத்தால் கிட்டத்தட்ட 290 கன அடி, அதாவது மூன்று யூனிட் குப்பை. உதிர்ந்த பிறகு இன்னும் கூடும். அதை யார் அள்ளுவது என்று முதலில் பேசவில்லையென்றால் நடுவேலையில் தனி பில் வரும்.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்றும் உண்டு. பழைய அடுக்கை எடுக்காமல் அதன் மேலேயே புதிதாக மூன்று அங்குலம் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போடுவது. சதுர மீட்டருக்குச் சுமார் 140 கிலோ கூடுகிறது. ஆட்கள் ஏறிப் புழங்கும் மாடிக்கு, கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875 வைத்திருக்கும் புழக்கச் சுமையே சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான்!

மேஸ்திரிகளின் இன்னொரு பலவீனம் ஒயிட் சிமெண்ட். விரிசலில் அதைத் தேய்த்துவிட்டால் பார்க்க அழகாக இருக்கும். வெயிலில் மாடி விரியும், இரவில் சுருங்கும். இறுகிப்போன சிமெண்ட் ஈடுகொடுக்காமல் அதே கோட்டில் மறுபடி பிளக்கும். விரிசலை 'வி' வடிவில் வெட்டி, தூசி ஊதி, நெகிழ்ந்து கொடுக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) சீலண்ட் நிரப்ப வேண்டும்.

மூன்றாவது, பெயின்ட் கம்பெனிகளின் பெயரைச் சொல்லி வரும் அப்ளிகேட்டர்கள், அதாவது பூச்சு வேலை ஒப்பந்தக்காரர்கள். 5க்கு மூன்றரை. பொருள் பெரும்பாலும் அசல், பில்லும் கிடைக்கும். ஆனால் மீட்டர் வைத்து ஈரம் பார்க்க வருகிறவர் ஒருவர், பூச வருகிறவர்கள் உள் ஒப்பந்தக் கூலி ஆட்கள். வாரண்டி அட்டையை வரிவரியாகப் படியுங்கள்: பொருளுக்கு மட்டுமா, கூலிக்கும் சேர்த்தா? கட்டட விரிசல் விலக்கா? லெட்டர்ஹெட்டில் அடித்துத் தரும் "10 வருடம்" அந்தக் கடை பத்து வருடம் இருந்தால்தான் செல்லும்.

யாராக இருந்தாலும் ஈரத்தின் மேல் பூசவிடாதீர்கள். ஓட்டுக்கு அடியில் இருக்கும் ஜல்லி அடுக்கு பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதை மூடிவிட்டால் வெயிலில் ஆவி கிளம்பிப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கும். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் காயவில்லை. கோடையில் வாட்டர்ப்ரூஃபிங் செய்யச் சொல்வது இதற்காகத்தான். மழை இல்லாத மாதங்களிலும் சீலிங்கில் ஓதம் குறையாமல் இருந்தால் மாடியை விட்டுவிட்டு முதலில் தண்ணீர்க் குழாயையும் டேங்க் அடியையும் பாருங்கள். அதைக் கேட்காமலே பூச்சுக்கு ரேட் போடுகிறவர் நோயைப் பார்க்காமல் மருந்து எழுதுகிறார்.

கொட்டேஷனில் "மாடி வாட்டர்ப்ரூஃபிங் - மொத்தம்" என்று ஒரே வரி இருந்தால் ஏற்காதீர்கள். பொருளின் முழுப் பெயர், எத்தனை லிட்டர், எத்தனை கோட், சுவரும் தரையும் சேரும் மூலையில் இரண்டு அங்குலக் கோவிங் (மூலையை வளைவாக நிரப்பிப் பூசுவது), மழைநீர்க் குழாய் வாயைச் சுற்றி உடைத்துப் பூசுவது (பாதி ஒழுகல் இங்கேதான்), வாட்டம் 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம், கடைசியில் தண்ணீர் கட்டிப் பார்ப்பது எல்லாம் தனித்தனியாக வர வேண்டும். அளவு எடுக்கும்போது டேப்பின் மறுமுனையை நீங்கள் பிடியுங்கள்.

பணத்தில் அட்வான்ஸ் 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். "மெட்டீரியல் வாங்கணும்" என்று பாதி கேட்டால், கடைக்கு நீங்களே நேரில் பணம் கட்டி இறக்குங்கள். சீலையும் பேட்ச் எண்ணையும் போட்டோ எடுத்து வையுங்கள். காலி பக்கெட்டை ஆட்கள் ஆசையாகக் கேட்பார்கள்; எண்ணிப் பார்த்து, அடியில் ஓட்டை போட்டுக் கொடுத்தால் அது வேறொரு மாடிக்கு அசல் சரக்காகப் போகாது. பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு குழாய் வாயை அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீரை 48 மணி நேரம் நிறுத்துங்கள். கீழே ஒரு சொட்டும் இல்லையென்றால் மீதிப் பணம், அதிலும் 10 சதவீதம் கார்த்திகை கழியும் வரை உங்கள் கையில் இருக்கட்டும். இதை முதல் நாளே எழுத மறுப்பவருக்குத் தன் வேலை மேல் தனக்கே நம்பிக்கை இல்லை.

பில் இல்லாமல் செய்தால் 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம் என்பார்கள். தகராறு வந்தால் கையில் காகிதமே இருக்காது. பில் தருகிறவரின் 15 இலக்க எண்ணை ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டுப் பாருங்கள்; தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும். பில் இருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் புகார் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையான வேலைக்குக் கட்டணம் கிடையாது. ஆலோசனைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சீலிங் காரை பெயர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிந்தால் இந்த மூவரில் ஒருவரையும் கூப்பிடாதீர்கள். துருவின் மேல் சிமெண்ட் அப்பினால் துரு உள்ளேயே உப்பி, அப்பியதையும் சேர்த்துத் தள்ளிவிடும். முதலில் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் வந்து கம்பி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுக்கட்டும். பூச்சு அதற்கப்புறம்.