தாப்பாவில் (பேராக், மலேசியா) கேம்ப் செட் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. எங்கள் செம்பனை ஆலையிலேயே மூன்று பேர் கேம்ப் செட் (டென்ட், தூங்கும் பை, மெத்தை) வாங்கப் போவதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் போனில் காட்டிய படத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. நான் ஏமாந்த அதே செட், அதே கடை. அவரை அங்கேயே தடுத்துவிட்டேன். மற்றவர்களுக்கும் போய்ச் சேரட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போட மாட்டேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அப்படி ஒத்துக்கொண்டேன், அந்த வாக்கைக் காப்பாற்றுகிறேன். பொருளைப் பற்றிப் பேசக் கூடாது என்று மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

என் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்து வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றில் குளித்து வளர்ந்தவன் நான். என் பிள்ளைகள் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டில் பிறந்து சிமெண்டுத் தரையில் வளர்கிறார்கள். மரத்தடியில் ஒரு ராத்திரியாவது அவர்களைப் படுக்க வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங்காலியில் கேம்ப் இடத்தின் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்த பிறகு, என் மனைவி அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. சரிவுக்குக் கீழே இல்லாத, ஆற்றை ஒட்டாத, உரிமம் வாங்கிய இடமாக இருந்தால்தான் வருவேன் என்றாள். தேடிப் பிடித்தோம், கேமரன் மலையில். தாப்பாவிலிருந்து அங்குள்ள தானா ராத்தா ஊருக்கு 60 கிலோமீட்டர்தான், வீட்டு வாசலில் இருக்கிற மாதிரி.

இடத்தைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நாங்கள், செட்டை அரை மணி நேரத்தில் வாங்கிவிட்டோம். அங்கேதான் பிசகியது.

கடையில் இருந்த தம்பி நன்றாகப் பேசினார். முதல் நாள் வாட்ஸ்அப்பிலும் மறுநாள் நேரிலும் அவரிடம் ஒரே விஷயத்தைத்தான் சொன்னேன்: "கேமரன் போறோம் தம்பி. நாலு பேரு, ரெண்டும் சின்னப் பிள்ளைங்க. மழை வந்தாலும் தாங்கணும், குளிரும் தாங்கணும்." அவர் ஒரு பெரிய பையை எடுத்து வைத்தார். நாலு பேர் டென்ட் ஒன்று, தூங்கும் பை நான்கு, காற்றடிக்கும் மெத்தை இரண்டு, எல்லாம் சேர்த்து 420 வெள்ளி (ரிங்கிட்). டென்ட் உறையில் 3000 மில்லிமீட்டர் வாட்டர்ப்ரூஃப் என்று இருந்தது. தூங்கும் பையின் மேல் பெரிய எழுத்தில் 5 டிகிரி. "பிரிஞ்சாங் உச்சியிலயே போட்டுப் படுக்கலாம்ணே" என்றார். நம்பினேன். விரித்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, விரித்தால் மடிப்பு கலைந்துவிடும், வேறு யாரும் வாங்க மாட்டார்கள் என்றார். அதையும் சரி என்று கேட்டுக்கொண்டேன்.

போனது அக்டோபர் மாதம். அந்தப் பக்கம் சாயங்கால மழை கொட்டுகிற காலம் அது என்று சொல்லத் தேவையில்லை. ஏழு மணிக்குத் தூறல் ஆரம்பித்து, ஒன்பது மணிக்குப் பெருமழையானது. டென்டுக்குள் நான்கு பேரும் ஒருக்களித்துப் படுத்தால்தான் இடம். பிறகு வீட்டில் அளந்து பார்த்தேன்: 200 செண்டிமீட்டர் நீளம், 150 செண்டிமீட்டர் அகலம். நாலால் வகுத்தால் ஆளுக்கு 37 செண்டிமீட்டர் சொச்சம். ஒரு பெரிய ஆள் மல்லாந்து படுக்க 60 செண்டிமீட்டராவது வேண்டும். நாலு பேர் டென்ட் என்றால் உள்ளே இரண்டு பேர், கூடவே அவர்கள் மூட்டை என்று கணக்கு வையுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் ஆள் எண்ணிக்கையை நம்பாதீர்கள்.

பத்தரை மணிக்குச் சின்னவள் "அப்பா, என் கால் ஈரம்" என்றாள். அவளுக்கு ஐந்து வயது. படுக்கையை நனைத்துவிட்டாளோ என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். டென்டின் மூலைத் தையலிலிருந்து தண்ணீர் ஒரு கோடாக இறங்கி, அவள் கால்மாட்டில் குட்டையாக நின்றது. இரண்டு விரல் ஆழம் இருக்கும். தூங்கும் பையின் கால் பக்கம் முழுக்க அதை உறிஞ்சிக்கொண்டு கனத்துக் கிடந்தது. எடுத்துப் பிழிந்தேன், சொட்டவில்லை, ஊற்றியது.

ஈரத்தைவிடக் குளிர்தான் கொடுமை. காற்று மெத்தையில் முதுகை வைத்தால் ஐஸ் பலகையில் படுத்த மாதிரி இருந்தது. இது மெத்தை ஓட்டையானதால் அல்ல. உள்ளே வெறும் காற்று மட்டும் இருக்கிற மெத்தையில் அந்தக் காற்று சுற்றிச் சுற்றி வந்து நம் உடம்புச் சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். மேலே எவ்வளவு போர்த்தினாலும் கீழேயிருந்து குளிர் ஏறும். பெரியவளின் உதடு வெளுத்துவிட்டது. என் மனைவி இரண்டு பிள்ளைகளின் உள்ளங்காலிலும் கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கடைசியில் நால்வரும் எங்கள் மைவி காருக்குள் போய், துண்டையும் என் ஜாக்கெட்டையும் போர்த்திக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். (ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டு மூடிய காருக்குள் தூங்காதீர்கள். புகை உள்ளே வந்தால் எழுந்திருக்கவே மாட்டோம்.) சின்னவளுக்கு மறுநாளே காய்ச்சல். மூன்று நாள் பள்ளிக்குப் போகவில்லை.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். அந்தத் தம்பி இல்லை, முதலாளிதான் இருந்தார். அவர் சொன்ன முதல் பதில்: "அது மழைத்தண்ணி இல்லங்க, உங்க மூச்சுக்காத்து. நாலு பேரு உள்ள படுத்தா ராத்திரி வேர்க்கத்தான் செய்யும்." இரண்டாவது பதில், ரசீதின் அடியில் குத்தியிருந்த முத்திரை: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.

மூச்சுக்காற்று விஷயத்தில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் பலர் இந்த இடத்தில் வாயடைத்துத் திரும்பிவிடுகிறார்கள். ஒற்றைத் துணி டென்டில் மூச்சின் ஈரம் உள்பக்கம் படியும். ஆனால் அது கூரை முழுக்கப் பனி பூத்த மாதிரி மெல்லிசாகப் படியும், கையால் தடவினால் உள்ளங்கை ஈரமாகும், அவ்வளவுதான். மழைத்தண்ணீர் அப்படியில்லை. தையல் வழியாக, மூலை வழியாக, ஒரே இடத்திலிருந்து இறங்கும். இந்த வித்தியாசத்தை ஆலையில் என்னோடு வேலை செய்யும் மச்சான் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் வருஷக்கணக்காக மலையேறுகிறவர். "உள்ள ஆள் இல்லாம தண்ணி அடிச்சுப் பாருய்யா, அப்ப யாரு மூச்சு விடுவா?" என்று கேட்டார்.

அப்படியே செய்தேன். நடுப்பகலில் வாசலில் டென்டைப் போட்டு, ஜிப்பை மூடி, தோட்டக் குழாயில் மேலிருந்து தண்ணீர் அடித்தேன். என் மனைவி போனில் படம் பிடித்தாள். பத்து நிமிஷத்துக்குள் நான்கு தையல்களில் மூன்று உள்ளே ஒழுகின. உள்ளே தலையை விட்டுத் தையலை விரலால் தடவினேன். ஒழுங்கான டென்டில் தையலின் மேல், உள்பக்கமாக, வழவழவென்று ஒரு பட்டை ஒட்டியிருக்கும். ஊசி போட்ட ஓட்டைகளை அடைப்பதே அதுதான். இதில் வெறும் நூல்தான் விரலில் நெருடியது.

அன்று சாயங்காலம் டென்டைக் கொடியில் காயப்போட்டபோது இன்னொன்றையும் பார்த்தேன். தண்ணீர் அடித்தபோது உறையையும் நனைத்துவிட்டிருந்தேன். 3000 என்று போட்டிருந்த ஸ்டிக்கரின் ஒரு மூலை ஈரத்தில் சுருண்டு நின்றது. நகத்தால் நெம்பினேன், முழுசாக வந்துவிட்டது. அடியில் துணியிலேயே அச்சடித்திருந்த எண் 800.

இந்த எண் என்ன என்று தெரியாதவர்களுக்கு: துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தால், எவ்வளவு உயரம் நிற்கும்போது துணி கசிய ஆரம்பிக்கிறது என்பதுதான் அந்த மில்லிமீட்டர் கணக்கு. 800 தூறலுக்குத் தாங்கும். நம் ஊர் மழைக்குக் கூரை 1500க்குக் கீழே இருந்தால் வாங்க வேண்டாம், 3000 என்றால் நிம்மதி. நாம் படுத்து அழுத்துவதால் தரைத்துணிக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும்.

தூங்கும் பையையும் அன்றைக்கே புரட்டிப் பார்த்தேன். உள்ளே தைத்திருந்த சின்னப் பட்டியில் மூன்று எண்கள்: கம்ஃபர்ட் 20, லிமிட் 16, எக்ஸ்ட்ரீம் 5. வெளியே பெரிதாகப் போட்டிருந்த 5 எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. தூங்கும் பைகளுக்கான ஐஎஸ்ஓ 23537 என்ற தரத்தின்படி எக்ஸ்ட்ரீம் என்றால் அந்தக் குளிரில் ஆறு மணி நேரம் சாகாமல் இருக்கலாம் என்று அர்த்தம், தூங்கலாம் என்றல்ல. நாம் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட், அதாவது நிம்மதியாகத் தூங்க முடிகிற குளிர், அந்த ஒன்றைத்தான். தானா ராத்தாவில் ராத்திரி 15, 16 டிகிரி சர்வசாதாரணம். 20 டிகிரிக்குத் தைத்த பையில் என் பிள்ளைகளைப் படுக்க வைத்திருக்கிறேன். அதுவும் ஈரமான பையில்.

ஸ்டிக்கரோடும் வீடியோவோடும் மறுபடி கடைக்குப் போனேன். ஸ்டிக்கர் சப்ளையர் ஒட்டியது, எனக்குத் தெரியாது என்றார் முதலாளி. அதற்குமேல் பேசவில்லை.

நான் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் புகார் போட்டேன். மலாயில் 'ட்ரிபியூனல் துந்துத்தான் பெங்குனா'. இது தெரியாமல் நம்மவர்கள் எத்தனை பேர் நூறு இருநூறு வெள்ளியை விட்டுவிட்டு வருகிறார்கள்! முதல் படிவத்தை நிரப்பி 5 வெள்ளி கட்டினால் போதும். வக்கீல் வைக்க வேண்டாம், வைக்கவும் விடமாட்டார்கள். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும். இன்னதற்கு வேண்டும் என்று நாம் சொல்லி வாங்கினால் அதற்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும். திரும்பப் பெறப்படாது என்ற முத்திரையால் அந்த உரிமை போய்விடாது. நான் வாட்ஸ்அப்பில் "கேமரன், மழை, குளிர், சின்னப் பிள்ளைகள்" என்று எழுதியது அங்கேதான் கைகொடுத்தது. அந்த மெசேஜையும், ரசீதையும், ஸ்டிக்கரின் படத்தையும், தண்ணீர் அடித்த வீடியோவையும் சேர்த்துக் கொடுத்தேன். விசாரணைக்கு ஒரு வாரம் முன்னால் முதலாளியே கூப்பிட்டார். முதலில் 250 தருகிறேன் என்றார். முடியாது என்றேன். 420 வெள்ளியும் வந்த பிறகுதான் புகாரை மீட்டுக்கொண்டேன். கேம்ப் இடத்துக்குக் கட்டிய காசும் கிளினிக் செலவும் என்னோடு போயிற்று.

இப்போது எங்களிடம் இருப்பது இரண்டு அடுக்கு டென்ட். உள்ளே வலைத்துணி, வெளியே கிட்டத்தட்டத் தரைவரை இறங்கும் மழைத்துணி. பாதிவரை மட்டும் தொப்பி மாதிரி மூடும் மழைத்துணி சாய்வாக அடிக்கும் மழைக்கு உதவாது. கடையிலேயே விரித்து, நால்வரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே படுத்துப் பார்த்துத்தான் வாங்கினோம். விரிக்க விடாத கடையில் வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். காற்று மெத்தைக்குப் பதிலாகச் சுருட்டி எடுத்துப் போகும் ஃபோம் பாய், ஆளுக்கு ஒன்று. விலை குறைவு, ஓட்டையாகாது, கீழேயிருந்து குளிர் ஏறாது. தூங்கும் பை கம்ஃபர்ட் 12. டென்டுக்கு அடியில் விரிக்கும் கான்வாஸை டென்டைவிடச் சிறியதாக உள்ளே மடித்துவிடுவோம். அது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீரை ஏந்தி நேராக டென்டுக்கு அடியில் கொண்டுவந்து விடும்.

ஜனவரியில் மறுபடி அதே இடத்துக்குப் போனோம். ராத்திரி இரண்டு மணி நேரம் மழை. நான் நாலு தடவை எழுந்து தையலைத் தடவிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. சின்னவள் புரண்டுகூடப் படுக்கவில்லை.

அந்த செட்டை ஏற்கெனவே வாங்கியவர்கள் கிளம்புவதற்கு முன் உறையின் ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள், பையின் உள்பட்டியைப் பாருங்கள், வாசலில் போட்டுத் தண்ணீர் அடித்துப் பாருங்கள். ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். வெயிலில் எழுத்து மங்கிவிடும், இன்றைக்கே படம் பிடித்து வையுங்கள். மலாயில் படிவம் நிரப்பச் சிரமமாக இருந்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள். இந்த மாதம் எனக்குக் காலை ஷிப்ட், சாயங்காலம் ஆறு மணிக்குமேல் வீட்டில்தான் இருப்பேன். கூட உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.