டயோரமாவைக் காரில் கொண்டுசெல்ல ஒரு பிளைவுட் பெட்டி

மெல்லிசைக் குழுக்களின் கீபோர்டுகளுக்கும் ஒலிபெருக்கிகளுக்கும் பெட்டி செய்துதரும் பாரிமுனைப் பட்டறை ஒன்றில், 60 × 40 செ.மீ. அடிப்பலகை கொண்ட ஒரு டயோரமாவுக்காக (ஒரு காட்சியை அப்படியே சிறிதாக்கிக் காட்டும் மாடலுக்காக) அளவு கொடுத்துச் செய்வித்த பெட்டியைப் பற்றிய மதிப்பீடு இது. 1931இல் மின்மயமான சென்னைக் கடற்கரை – தாம்பரம் மீட்டர் கேஜ் ரயில் பாதையின் சிறு நிலையம் ஒன்றை 1:87 அளவில், 12 மி.மீ. அகலத் தண்டவாளத்தோடு காட்டும் டயோரமா அது. இரண்டு செ.மீ. உயரப் பயணிகளும் மரங்களும் ஓரளவு அசைவைப் பொறுத்துக்கொள்ளும். எட்டு செ.மீ. உயர மின்கம்பங்களும் அவற்றுக்கிடையே இழுத்துக் கட்டிய மெல்லிய பித்தளைக் கம்பியும் விரல் பட்டாலே வளைந்துவிடும்.

பபிள் ராப்பில் சுற்றுவதும் இடைவெளிகளில் தெர்மாகோல் அடைப்பதும் கண்ணாடிக் குவளைக்குப் பொருந்தும் முறைகள். இங்கே அந்தப் பாதுகாப்பே மாடலை உடைக்கும். மாடலின் மேற்பகுதியை எதுவும் தொடக்கூடாது, அதன் அடிப்பலகை எந்தப் பக்கமும் நகரக்கூடாது என்பதே நான் பட்டறையில் வைத்த நிபந்தனை. பெட்டிக்குள் டயோரமாவை இறக்குவதாக இருந்தால் கையை நுழைக்க வேண்டியிருக்கும் என்பதால், 12 மி.மீ. பிளைவுட் தட்டு ஒன்றின்மேல் டயோரமாவை அமர்த்தி, தட்டின் அடியிலிருந்து நான்கு போல்ட்டுகளை ஏற்றி முடுக்கி, அதன்பின் 6 மி.மீ. பிளைவுட்டால் ஆன மூடியை மேலிருந்து இறக்கிக் கொக்கிப் பூட்டுகளால் பிணைக்கும்படி வடிவமைக்கச் சொன்னேன். அதைப் பட்டறைக்காரர் உடனே புரிந்துகொண்டதோடு, மூடி கோணலாக இறங்கினால் கம்பங்களில் இடிக்கும் என்பதைத் தாமாகவே கவனித்து, நான்கு மூலைகளிலும் வழிகாட்டிக் கட்டைகளை நட்டுக் கொடுத்தார். நான் கேட்காமலே கிடைத்த இந்த நான்கு கட்டைகள்தாம் பெட்டியிலேயே ஆகச் சிறந்த அம்சம்.

குறைகளும் உண்டு. கைப்பிடிகளை வழக்கம்போல மூடியிலேயே பொருத்திவிட்டார்கள். அவற்றைப் பிடித்துத் தூக்கினால் மொத்த எடையும் பூட்டுகளில் தொங்கும் என்பதால், தட்டின் பக்கவாட்டுக்கு மாற்றித்தரக் கேட்க வேண்டியிருந்தது. அடியில் ஒட்டிய ஃபோமும் தேவைக்கு மேல் மிருதுவாக இருந்தது. மெத்தென்று இருப்பது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மிருதுவான ஃபோமின்மேல் வைத்த கனமான பெட்டி, ஒவ்வொரு வேகத்தடைக்குப் பிறகும் தனியாகக் குதித்துக்கொண்டிருக்கும். ஃபெவிக்விக் வகைப் பசை இழுப்பைத் தாங்குமே தவிர, திடீர் அதிர்ச்சியையும் பக்கவாட்டு உதறலையும் தாங்காது. மாற்றிப் போட்ட கெட்டியான ஈபிஇ (பாலிஎதிலீன்) ஃபோமும், காரின் தரையில் விரித்த வழுக்காத ரப்பர் பாயும் போதுமானவையாக இருந்தன. ஃபோமை ஒட்டிய பசையின் நெடி போகும்வரை பெட்டியைச் சில நாள் திறந்துவைப்பது அவசியம், ஏனெனில் அடைபட்ட கரைப்பான் ஆவி பாலிஸ்டிரீன் பிளாஸ்டிக்குக்கு ஆகாது.

பெட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் காரில் அதை எங்கே வைக்கிறோம் என்பது பாதி வேலை. இரு அச்சுகளுக்கும் நடுப்பகுதியைவிடப் பின்னச்சுக்கு அப்பால் இருக்கும் டிக்கி அதிகமாகத் தூக்கிப்போடும். செடான் டிக்கியின் வாய் குறுகல் என்பதால் பெட்டியைச் சாய்த்தே நுழைக்க நேரிடும், குளிர்சாதனக் காற்றும் அங்கே எட்டாது. பின்னிருக்கையை மடித்த ஹேட்ச்பேக்கில், முடிந்தவரை முன்னிருக்கைகளை ஒட்டி வைப்பதே என் தேர்வு. மடித்த இருக்கை பெரும்பாலும் சற்றுச் சரிந்தே நிற்கும். அங்கே ஆப்புப்போல் வெட்டிய ஃபோமைக் கொடுத்துச் சமன்செய்துவிட்டு, பெட்டியைப் பட்டையால் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காகத் தோண்டப்பட்ட ஆற்காடு சாலை, ஓ.எம்.ஆர். போன்ற வழிகளில் பெட்டி சென்று வந்தபோது கம்பிகள் தொய்யவில்லை. நடைமேடைக் கூரையின் ஓர் ஓரம் மட்டும் விடுபட்டது, அது ஏற்கெனவே பழைய ஒட்டு.

சென்னை வெயிலுக்கு இந்தப் பெட்டி மருந்தல்ல. முப்பரிமாண அச்சில் எடுத்த பிஎல்ஏ பிளாஸ்டிக் பாகங்கள் சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய கார் அந்த நிலையை எளிதில் நெருங்கும் என்பதால், வழியில் சாப்பாட்டுக்கு இறங்கும்போது பெட்டியைக் காரிலேயே விட்டுப் போகும் வழக்கம் இல்லை. குளிர்ந்த காரிலிருந்து புழுக்கத்துக்கு எடுத்து வந்தவுடன் மூடியைத் திறக்காமல் சற்றுப் பொறுத்தால், மாடலின்மேல் ஈரம் படியாது.

பெட்டி மட்டும் ஏறக்குறைய ஆறு கிலோ. டயோரமாவும் சேர்ந்தால் படியிறங்க இரண்டு பேர் வேண்டும். எடை வேண்டாம் என்பவர்கள் அதே அமைப்பைச் சன்பேக் எனப்படும் உள்ளே குழலோடிய பிளாஸ்டிக் தகட்டில் செய்துகொள்ளலாம், செலவும் குறையும். ஆனால் அதன்மேல் இன்னொரு பெட்டியை அடுக்க முடியாது. மார்கழி நெருங்கும்போது கச்சேரிக்காரர்களின் வேலை பட்டறையில் குவிந்துவிடுவதால், ஆண்டு முடிவுக்குள் தேவைப்படுபவர்கள் ஐப்பசியிலேயே அளவைக் கொடுத்துவிடுவது நல்லது. கைப்பிடி தட்டில்தான் வர வேண்டும் என்பதையும் அப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.