தூண்டில் வளைவில் நின்று வீச இரண்டாயிரம் ரூபாய் ரீல் போதுமா?

பட்ஜெட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நரம்பைச் சுற்றும் ரீலுக்கு இரண்டாயிரத்தை ஒட்டி, தூண்டில் நரம்புக்கு நானூறு ஐந்நூறு. குமரி மாவட்டத்தில் தேங்காய்ப்பட்டணம், குளச்சல் பக்கத்துத் துறைமுகச் சுவர்களிலும், கடலரிப்புக்காக ஊருக்கு ஊர் கல் கொட்டிப் போட்டிருக்கும் தூண்டில் வளைவுகளிலும் நின்று வீசுகிறவர்களுக்கு இது தாராளம். படகில் போய் நெய்மீன் இழுக்கிறவர்களுக்கு இந்தப் பதிவு உதவாது.

நான் இப்போது வைத்திருப்பது ஷிமானோ எஃப்எக்ஸ் 4000. கிராஃபைட் உடம்பு, பேரிங் இரண்டு மூன்றுக்கு மேல் இல்லை, பார்க்கவும் பெரிய அழகு ஒன்றும் கிடையாது. ஆனால் டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக நழுவவிடும் பிடி, விட்டுவிட்டு இழுக்காமல் சீராகக் கொடுக்கிறது, இந்த விலையில் எனக்கு அதுதான் வேண்டும். அளவு 4000 ஏன் என்றால், 2500, 3000 எல்லாம் தடி நரம்பைப் போதுமான நீளம் கொள்ளாது, 6000 எடுத்தால் நாள் முழுக்க வீசிச் சுற்றுவதில் மணிக்கட்டு போய்விடும்.

பேரிங் கணக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆன்லைனில் எழுநூறு எண்ணூறுக்கு '13+1' என்று கொட்டை எழுத்தில் போட்டு, தங்க நிறத்தில் மினுக்கிக்கொண்டு ஒரு வகை வரும். என் மச்சான் அதில் ஒன்று வாங்கினான், பெயரைச் சொல்லப்போவதில்லை. கொஞ்ச நாளில் நரம்பு ஓடும் அந்தச் சின்ன உருளை உப்பேறி இறுகிவிட்டது. அது சுழலாமல் நின்றால் நரம்பு ஒரே இடத்தில் உரசி உரசிப் பிசிறாகும், மீன் இழுக்கும் நேரம் பார்த்து அறும். கழற்றிப் பார்த்தால் உள்ளே பேரிங் முழுக்கச் செம்பழுப்புத் துரு. இந்த விலையில் உப்புத் தண்ணீர் புகாமல் அடைத்த பேரிங்கை எதிர்பார்க்க முடியாது, அப்புறம் எண்ணிக்கை கூடினால் துருப்பிடிக்க இடமும் கூடும், அவ்வளவுதான்.

அதனால் முடிந்தால் கடைக்குப் போய்க் கையில் வாங்கிப் பாருங்கள். கைப்பிடியை மெதுவாகச் சுற்றினால் கரகரப்பு தட்டக்கூடாது, அந்த உருளையை விரலால் தள்ளினால் சுழல வேண்டும், டிராக்கைப் பாதி இறுக்கி நரம்பு சுற்றும் ஸ்பூலை இழுத்தால் முதல் இழுப்பில் வெட்டாமல் நழுவி வர வேண்டும். மூன்றும் சரி என்றால் பிராண்ட் எதுவாக இருந்தாலும் எடுக்கலாம். கையில் காசு இருந்தால் பென் பர்சூட் பாருங்கள், அதில் கார்பன் டிராக் வாஷர் இருக்கிறது, விலை இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போகும். கல்லிடுக்கில் பாறை மீனையும் கொடுவாவையும் தேடுகிறவனுக்கு அது ஆடம்பரம் என்பது என் கட்சி.

இனி நரம்பு. எல்லோரும் பிரெய்டு, பிரெய்டு என்கிறார்கள், பல இழை பின்னிய நூல் அது. அதே பலத்துக்கு மெல்லிசாக இருக்கும், தூரமாகப் போகும், நீளாது என்பதால் சின்னக் கொத்தும் விரலுக்குத் தெரியும், எல்லாம் உண்மைதான். ஆனால் நம்ம ஊர்க் கல்லில் சிப்பி அப்பிக் கிடக்கிறது. குளச்சலில் கைத்தூண்டில் போடும் அண்ணன் ஒருவர் என் ஸ்பூலைப் பார்த்தவுடனே, "மக்கா, இந்தக் கல்லுல அந்த நூலு நிக்காது" என்றார். இழுவிசையில் இருக்கும் பிரெய்டு சிப்பி விளிம்பில் ஒருமுறை பட்டால் போதும். தங்கூஸ், அதாவது ஒற்றை இழை நைலான் நரம்பு, கொஞ்சம் உரசல் தாங்கும், நீண்டு கொடுப்பதால் திடீர் இழுப்பையும் வாங்கிக்கொள்ளும். விலையும் குறைவு, சிக்கு விழுந்தால் வயிறு எரியாமல் வெட்டி எறியலாம். என் ஸ்பூலில் இப்போது 0.40 மி.மீ. தங்கூஸ், நுனியில் ஒரு பாகம் (இரு கையும் விரித்த நீளம்) 0.60. மணல் கரையில் நின்று தூரம் வீசுகிறவர்கள் பிரெய்டு போடட்டும், அடியில் கொஞ்சம் தங்கூஸ் சுற்றிவிட்டு அதன்மேல் போடுங்கள், இல்லாவிட்டால் வழவழ ஸ்பூலில் மொத்தச் சுற்றும் வழுக்கும்.

ஸ்பூலில் 0.35/170 என்று எழுதியிருந்தால் 0.35 மி.மீ. நரம்பு 170 மீட்டர் கொள்ளும் என்று கணக்கு. அதிலேயே 0.40 போட்டால் சுமார் 130 மீட்டர்தான். சுவரில் நின்று வீச அது போதும். விளிம்புக்கு இரண்டு மி.மீ. கீழே நிறுத்துங்கள், நிறையச் சுற்றினால் வீசும்போது கொத்தாக விழும்.

டிராக்கைக் கை அளவில் குத்துமதிப்பாக வைப்பதைவிட, மீன் எடை போடும் கொக்கித் தராசை நரம்பில் மாட்டி இழுத்துப் பாருங்கள். 10 கிலோ தாங்கும் நரம்பு என்றால் இரண்டரையிலிருந்து மூன்று கிலோவுக்குள் ஸ்பூல் நழுவ வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கழுவுவதில்தான் ரீலின் ஆயுசு இருக்கிறது. டிராக்கை இறுக்கி மூடி, குழாய்த் தண்ணீரை மெல்ல விட்டுக் கழுவி, துடைத்து, பிறகு டிராக்கைத் தளர்த்தி நிழலில் வையுங்கள். பைக் கழுவும் பிரஷர் பம்பு வேண்டாம், அது உப்பை உள்ளேதான் தள்ளும். உருளைக்கு ஒரு சொட்டு எண்ணெய். நரம்பின் கடைசி இரண்டு மீட்டரை நகத்தால் உருவிப் பாருங்கள், சொரசொரப்பு தட்டினால் அங்கேயே வெட்டிப் புதிதாக முடிச்சுப் போடுங்கள். மொத்த நரம்பையும் சீசனுக்கு ஒருமுறை மாற்றிவிடுவேன், வெயில் நைலானை மொறுமொறுப்பாக்கிவிடும்.

வெட்டிய துண்டைக் கல்லிடுக்கில் போட்டுவிட்டு வரவேண்டாம். சிப்பி எடுக்க அங்கேதான் ஆட்கள் முங்குகிறார்கள். கள்ளக்கடல் (கரையில் காற்றில்லாமலே திடீரென எழும் பேரலை) எச்சரிக்கை வந்த அன்றைக்கு ரீல் எவ்வளவு புதிதாக இருந்தாலும் வீட்டிலேயே இருக்கட்டும்.