ரைபிளை விற்றார்கள், கண்ணைப் பார்க்கவே இல்லை: பெற்றோர் கவனத்திற்கு

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளை, அழுத்தக் காற்றால் குண்டு சுடும் ஏர் ரைபிள் பயிற்சியில் சேர்த்து, ஐந்து மாதத்தில் 2 லட்சத்து 38 ஆயிரம் ரூபாயை இழந்திருக்கிறேன். பணத்தை எப்படியாவது ஈட்டிவிடலாம். "எனக்கு இது வராது அம்மா, விட்டுவிடலாம்" என்று அவள் ஒருநாள் இரவு சொன்னதுதான் இன்னும் நெஞ்சை அறுக்கிறது. அவளுக்கு வராமல் இல்லை. கற்றுக்கொடுக்க வேண்டியதை அங்கே யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

2024 ஜூலை இறுதியில் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றபோது எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் அந்த ஒலிம்பிக்கில் ஏர் ரைபிளில் கலந்துகொண்டார் என்று தெரிந்ததும் மகள் பிடிவாதமாகிவிட்டாள். காலாண்டு விடுமுறையில், சென்னையின் மேற்குப் புறநகரில் ஒரு வணிக வளாகத்தின் மாடியில் இயங்கும் அகாடமிக்கு அழைத்துப் போனேன். பெயரை இங்கே எழுதவில்லை. வழக்கு நடக்கிறது.

முதல் நாளே அவளை நாற்காலியில் உட்காரவைத்து, மேசைமேல் ரைபிளைத் தாங்கலில் வைத்துப் பத்துக் குண்டு சுடவிட்டார்கள். நான்கு குண்டு பத்துப் புள்ளியில், மூன்று ஒன்பதில் விழுந்தன. "பிறவித் திறமை மேடம், ஆயிரத்தில் ஒரு பிள்ளை" என்றார் பயிற்சியாளர். அந்தக் குறி அட்டையைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினோம்.

அது ரைபிள் அட்டையே இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது. 10 மீட்டர் ஏர் ரைபிள் அட்டையில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. ஏர் பிஸ்டல் அட்டையில் பத்தின் வட்டம் 11.5 மில்லிமீட்டர் அகலம். எங்களிடம் தந்தது பிஸ்டல் அட்டை. தாங்கலில் வைத்த ரைபிளால் அதில் பத்து விழுவது பெரிய காரியம் இல்லை. ஆனால் அதைப் பார்த்த பெற்றோரின் கை தானாகப் பைக்குள் போகும். என் கையும் போனது.

ஆறு மாதக் கட்டணம் 48 ஆயிரத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். இரண்டாவது வாரமே, சொந்த ரைபிள் இல்லாமல் முன்னேற முடியாது என்றும், போட்டிக்கான ஜெர்மன் ரைபிள் ஒன்று ஒரே வருடம் பயன்படுத்தியதாகத் தங்களிடம் இருக்கிறது என்றும் சொன்னார்கள். மகளின் மேற்படிப்புக்காகக் கட்டிவந்த சீட்டை எடுத்து 1 லட்சத்து 60 ஆயிரம் கொடுத்தேன். ஜாக்கெட்டும் பேன்டும் 22 ஆயிரம். அளவெடுக்காமல் கொடுத்த ஜாக்கெட் அவள் தோளில் நிற்கவே இல்லை.

இதற்குமேல் "லைசென்ஸ் வேலை"க்கு என்று 8 ஆயிரம். இதைப் படிக்கும் பெற்றோர் தயவுசெய்து கவனியுங்கள். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாத குழாய் விட்டமும் 20 ஜூலுக்கு மேல் போகாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிளுக்கு ஆயுத லைசென்ஸ் தேவையில்லை. போட்டி ரைபிளின் ஆற்றல் அதில் பாதிகூட வராது. இல்லாத லைசென்ஸுக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள். துப்பாக்கி என்றாலே நமக்குள் இருக்கும் பயம் அவர்களுக்கு வருமானமாகிறது.

பயிற்சி என்ற பெயரில் நடந்தது, வந்ததும் நூறு குண்டு சுட்டுவிட்டுப் போவது. எப்படி நிற்பது, இடது முழங்கையை எங்கே ஊன்றுவது, சுட்ட பிறகும் ஒரு விநாடி அசையாமல் பார்வையை அங்கேயே வைத்திருப்பது எதுவும் சொல்லித்தரப்படவில்லை. குண்டு தீரத் தீரப் புது டப்பா வாங்கவைத்தார்கள். குண்டு ஈயம். தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவ ஒரு குழாய்கூட அந்த மாடியில் இல்லை. பிள்ளைகள் அதே கையால் பிஸ்கெட் தின்றார்கள்.

ஜனவரியில் ஒரு மாலை சற்று முன்னதாகவே கூட்டிவரப் போயிருந்தேன். என் மகள் ரைபிளில் குண்டு போட்டுத் தோளில் ஏந்தி நிற்கிறாள். பக்கத்து வரிசைப் பையன், பத்து வயதுகூட இருக்காது, தன் அட்டையை எடுக்க அவள் முன்னால் நடந்துபோகிறான். பயிற்சியாளர் வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் கத்திய பிறகுதான் திரும்பிப் பார்த்தார். "ஏர் ரைபிள்தானே மேடம்" என்றார். அந்தக் குண்டு ஒரு கண்ணைப் பறிக்கப் போதும்.

இதற்கிடையே அவளுக்கு மாலை நேரங்களில் தலைவலி. கண் மருத்துவரிடம் காட்டினேன், பார்வையில் குறை இல்லை என்றார். அட்டையில் புள்ளிகளும் ஏறவில்லை. நின்று சுடத் தொடங்கியதிலிருந்து குண்டுகள் திசைக்கு ஒன்றாகப் போயின. "கவனம் போதவில்லை, செல்போனைப் பிடுங்குங்கள்" என்று என்னிடமே குறை சொன்னார்கள். நானும் அதை நம்பி அவளைத் திட்டியிருக்கிறேன்.

மாநிலப் போட்டிக்கு அனுப்புவோம் என்ற வாக்கும் பொய். மாநிலத் துப்பாக்கி சுடும் சங்கத்தில் இணைந்த கிளப் வழியாகத்தான் பெயர் கொடுக்க முடியும், இந்த அகாடமி எதிலும் இணைந்திருக்கவில்லை என்று வேறொரு பிள்ளையின் தந்தை விசாரித்துச் சொன்னார். அவரோடுதான் 2025 மார்ச்சில், சங்கத்தில் இணைந்த ஒரு பழைய கிளப்புக்குப் போனேன்.

அங்கே அறுபது வயதைத் தாண்டிய ஒரு பயிற்சியாளர். ரைபிள் பெட்டியைத் திறக்கவே விடவில்லை. மகளை வராந்தாவில் நிறுத்தி, இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, பெருவிரல்களையும் மற்ற விரல்களையும் சேர்த்து நடுவில் சின்ன முக்கோண இடைவெளி வைக்கச் சொன்னார். "அந்த இடைவெளி வழியாக எதிர்ச்சுவர்க் கடிகாரத்தைப் பார் பாப்பா. இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும்." பார்த்தாள். "இப்போது இடது கண்ணை மூடு." மூடினாள். "கடிகாரம் காணவில்லை சார்" என்றாள். வலது கண்ணை மூடச் சொன்னார். கடிகாரம் அதே இடத்தில் இருந்தது.

அவளுக்கு இடது கண்தான் ஆளும் கண், அதாவது குறிபார்க்கும்போது தானாக முந்தும் கண். ஐந்து மாதமாக அந்தக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வலது கண்ணால் குறிபார்த்திருக்கிறாள். தலைவலிக்கும் சிதறலுக்கும் அதுவே காரணமாக இருந்திருக்கலாம் என்றார் அவர். குறிபார்க்காத கண்ணை மறைக்கும் தகடு வைத்தும் சமாளிக்கலாம், ஆனால் புதிதாகத் தொடங்கும் பிள்ளை என்பதால் ரைபிளை இடது தோளில் ஏந்தவே பழகிவிடலாம் என்றார். ஒரு நிமிடச் சோதனை. அதைச் செய்திருந்தால், வலது கைக்காரருக்கான கட்டை பொருத்திய அந்த ரைபிளை எனக்கு விற்றிருக்க முடியாது.

பிறகு பெட்டியைத் திறந்தார். முதலில் பார்த்தது, குண்டைத் தள்ளும் காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டரை. அதன் மேல் அகாடமியின் வட்ட ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. அழகுக்கு ஒட்டியது என்று நினைத்திருந்தேன். அவர் நகத்தால் மெல்ல உரித்தார். கீழே உலோகத்தில் தயாரித்த மாதமும் ஆண்டும் பொறித்திருந்தது: 03, 2010. இத்தகைய சிலிண்டருக்குத் தயாரிப்பாளர்கள் தரும் ஆயுள் பத்து ஆண்டு. காலாவதியான சிலிண்டரோடு போட்டிக்குப் போக முடியாது. அதைவிடப் பெரிய விஷயம், உள்ளே ஏற்றும் காற்றின் அழுத்தம் 200 பார். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான். 2020லேயே ஆயுள் முடிந்த அந்தச் சிலிண்டரை முகத்துக்கு முன்னே வைத்துக்கொண்டு என் பிள்ளை தினமும் நின்றிருக்கிறாள்.

இப்போது அவள் கிளப்பின் சொந்த இடதுகை ரைபிளில் பழகுகிறாள். சேரும் எந்தப் பிள்ளையையும் மூன்று மாதத்துக்கு எதுவும் வாங்கவிடுவதில்லை அங்கே. முதல் இரண்டு வாரம் குண்டே கொடுக்கவில்லை, நிற்பதும் மூச்சும் விரலும் மட்டும். அட்டையை மாற்ற வேண்டுமென்றால் எல்லோரும் ரைபிளைத் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று காட்டும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறக் கயிற்றைக் குழாய்க்குள் நுழைத்து, சுடும் கோட்டிலிருந்து பின்னால் வந்த பிறகுதான் ஒருவர் முன்னே போகலாம். ஒரு பிள்ளையின் கயிறு தெரியவில்லை என்றாலும் மொத்த வரிசையும் நிற்கிறது.

அகாடமி பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டது. பில் எதுவும் தரவில்லை, நானும் கேட்கவில்லை, அது என் தவறு. ஆனால் யுபிஐயில் அனுப்பிய தொகைகளும், "ஒரே வருடம் பயன்படுத்தியது" என்று அவர்கள் எழுதிய வாட்ஸ்அப் செய்தியும் இருக்கின்றன. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கேட்டுவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். இதேபோல் ரைபிள் வாங்கியவர்கள் இன்றே சிலிண்டரில் உள்ள தேதியைப் பாருங்கள். ஏதாவது ஒட்டியிருந்தால் உரிப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துவிடுங்கள். நான் எடுக்கவில்லை. உரித்த ஸ்டிக்கரை மட்டும் ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி ஆவணங்களோடு வைத்திருக்கிறேன். அதன் பின்பக்கப் பசையில் அந்தத் தேதியின் தடம் திருப்பிப் போட்டதுபோல் இன்னும் தெரிகிறது.